டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளுக்குத் தொழில்முறை சிகிச்சை: எதற்கு உதவும், எதற்கு உதவாது

புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெற்றோரில் பலர், குழந்தையைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசைமீது வைக்கிறார்கள். கோட்டைத் தாண்டி ஏறி இறங்கும் எழுத்துகள், ரப்பரால் தேய்த்துத் தேய்த்துக் கிழிந்த தாள், ஓரத்தில் ஆசிரியரின் சிவப்பு மைக் குறிப்பு. "டாக்டர், கையெழுத்துக்குத் தெரபி இருக்கிறதாமே, அதைக் கொடுத்தால் படிப்பும் வந்துவிடுமா?" என்பது அடுத்து வரும் கேள்வி.

கையெழுத்துக்குச் சிகிச்சை உண்டு. அதனால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் குழந்தையின் மிக முக்கியமான இரண்டு மூன்று ஆண்டுகளையும், பெருந்தொகையையும் இழந்த குடும்பங்கள் உள்ளன. எனவே, தொழில்முறை சிகிச்சை எந்தக் குழந்தைக்கு, எந்தச் சிக்கலுக்குப் பயன்படும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

டிஸ்லெக்சியா என்பது என்ன?

டிஸ்லெக்சியா என்பது வாசிப்பையும் எழுத்துக்கூட்டலையும் பாதிக்கும் கற்றல் குறைபாடு. பிறவியிலேயே மூளை மொழியின் ஒலிகளைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடே இதற்கு அடிப்படை. ஒரு சொல்லில் என்னென்ன ஒலிகள் உள்ளன என்று பிரித்தறிவதும், ஒவ்வோர் ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு விரைந்து இணைப்பதும் இக்குழந்தைகளுக்குக் கடினம். அறிவுத்திறன் குறைவினாலோ, சோம்பலினாலோ, வளர்ப்பினாலோ இது வருவதில்லை. பெற்றோரில் ஒருவருக்கோ, மாமன், சித்தப்பா போன்ற நெருங்கிய உறவினருக்கோ இளமையில் இதே சிரமம் இருந்திருப்பதைப் பல குடும்பங்களில் காணலாம். வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றில் ஏற்படும் கற்றல் குறைபாடுகள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு இவை இருக்கக்கூடும் என்று மருத்துவ வகைப்பாட்டு நூல்கள் கூறுகின்றன.

எழுத்துகள் கண்ணுக்குத் தலைகீழாகத் தெரிவதுதான் டிஸ்லெக்சியா என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. ஆங்கிலத்தில் 'பி', 'டி' எழுத்துகளை இடம் மாற்றி எழுதுவது ஆறு, ஏழு வயது வரை எல்லாக் குழந்தைகளிடமும் காணப்படுவதே. அதேபோல் ல, ள, ழ ஆகியவற்றை மாற்றி எழுதுவதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். நம்மில் பலர் பேச்சில் இவற்றை வேறுபடுத்தி ஒலிப்பதில்லை; காதில் கேட்காத வேறுபாடு குழந்தையின் நோட்டில் எப்படி வரும்? மூன்றாம் வகுப்பிலும் 'பள்ளி' என்பதைப் 'பளி' என்று எழுதுவது, 'கொடி'யையும் 'கோடி'யையும் வேறுபடுத்தாமல் வாசிப்பது, முந்தைய வரியில் படித்த அதே சொல்லை அடுத்த வரியில் புதிய சொல்லைப் போல எழுத்து எழுத்தாகக் கூட்டுவது, வாசித்துக் காட்டினால் தெளிவாக விடை சொல்லும் பாடத்தைத் தானே வாசித்தால் ஒன்றும் புரியாமல் விழிப்பது ஆகியவையே கூடுதலாகக் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

தொழில்முறை சிகிச்சை என்னும் பெயர்

ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தமிழில் தொழில்முறை சிகிச்சை என்கிறோம். சில மையங்களின் பலகையில் செயல்முறைப் பயிற்சி என்றும் எழுதியிருக்கும். 'தொழில்' என்ற சொல்லைக் கண்டு, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று எண்ணித் திரும்பிச் சென்ற பெற்றோரும் உண்டு. இங்கே தொழில் என்பது ஒருவர் அன்றாடம் செய்தாக வேண்டிய செயல்களைக் குறிக்கும். குழந்தைக்கு அவை உண்பது, உடுத்துவது, விளையாடுவது, பையை அடுக்குவது, எழுதுவது. இச்செயல்களில் எது, ஏன் தடைப்படுகிறது என்று ஆராய்ந்து, பயிற்சியாலோ கருவியாலோ சூழலை மாற்றுவதாலோ அதை இயலச் செய்வதே தொழில்முறை சிகிச்சையாளரின் பணி. வாசிக்கக் கற்பிப்பது அவர் பணியன்று. அது சிறப்புக் கல்வி பயின்ற ஆசிரியரின் பணி.

அப்படியானால் டிஸ்லெக்சியாவுக்கும் இச்சிகிச்சைக்கும் என்ன தொடர்பு? இக்குழந்தைகளில் கணிசமானோருக்கு வேறு சிரமங்களும் உடன் இருக்கின்றன. சிலருக்குக் கைவிரல்களின் நுண்ணிய அசைவுகளை ஒருங்கிணைப்பதில் தடுமாற்றம் உண்டு. சட்டைப் பொத்தான், ஷூ கயிறு, ஸ்கேலைப் பிடித்துக் கோடு போடுவது எல்லாமே அவர்களுக்குப் போராட்டம். சிலருக்குக் கவனக்குறைபாடு உண்டு. சிலருக்குக் கையும் கவனமும் நன்றாகவே இருக்கும். ஆயினும் எழுத்து மோசமாக இருக்கும். இந்த மூன்றாம் வகைக் குழந்தைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியுள்ளது.

பேனா எங்கே நிற்கிறது?

டிஸ்லெக்சியா உள்ள குழந்தை மெதுவாக எழுதினால், கை மெதுவாக இயங்குகிறது என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். எழுதும்போது பேனாவின் அசைவைக் கணினியில் பதிவு செய்து பார்த்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. அக்குழந்தைகளில் பலருடைய கை, எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றக் குழந்தைகளின் வேகத்திலேயே இயங்கியது. ஆனால் அடிக்கடி நின்றது. சொல்லின் நடுவில், அடுத்து எந்த எழுத்து என்று தெரியாத இடத்தில் நின்றது. அதாவது தடை விரலில் இல்லை, எழுத்துக்கூட்டலில் இருந்தது.

இதைத் தோராயமாக வீட்டிலேயே கவனிக்கலாம். ஒரு விடுமுறை நாளில், குழந்தை களைப்பின்றி இருக்கும்போது, மூன்று சிறு வேலைகளைக் கொடுங்கள். முதலில் ஒரு வீடும் மரமும் வரைந்து வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். அடுத்து, தமிழ்ப் புத்தகத்தின் இரண்டு வரிகளைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதாக, நீங்கள் இரண்டு எளிய வாக்கியங்களைச் சொல்ல, எழுதச் சொல்லுங்கள். குறுக்கிட வேண்டாம், திருத்த வேண்டாம்; பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

மூன்றிலும் கோடுகள் தடுமாறி, பென்சிலை அடுத்த பக்கத்தில் தடம் பதியும் அளவுக்கு அழுத்தி, சில நிமிடங்களில் கை வலிக்கிறது என்று குழந்தை உதறினால், கையின் இயக்கத்தை மதிப்பிட வேண்டும். அங்கே தொழில்முறை சிகிச்சையாளர் தேவை. படம் நேர்த்தியாக வந்து, பார்த்து எழுதுவதும் ஓரளவு வந்து, சொல்வதை எழுதும்போது மட்டும் எழுத்து உருக்குலைந்தால், அது பெரும்பாலும் எழுத்துக்கூட்டலின் சிக்கல். விரலுக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அது தீராது. பார்த்து எழுதும்போது இன்னொன்றையும் எண்ணுங்கள்: 'பள்ளிக்கூடம்' என்ற ஒரு சொல்லுக்குக் குழந்தை எத்தனை முறை தலைநிமிர்ந்து புத்தகத்தைப் பார்க்கிறது? ஒரு முறையோ இரு முறையோ பார்க்கும் குழந்தை அதைச் சொல்லாக நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் பார்க்கும் குழந்தை அதைப் படமாக வரைகிறது.

இது நோயறியும் சோதனை அன்று. மருத்துவரிடம் சொல்வதற்குரிய ஒரு கவனிப்பு மட்டுமே. பல குழந்தைகளுக்கு இரண்டு சிக்கல்களும் சேர்ந்தே இருக்கும். அவர்களுக்கு இரண்டு உதவிகளும் தேவை. எந்தப் பயிற்சியையும் தொடங்குமுன் கண்பார்வையையும் செவித்திறனையும் பரிசோதித்துக்கொள்வது கட்டாயம்.

தமிழ் எழுத்து கைக்குத் தரும் வேலை

ஆங்கில நூல்களிலிருந்து எடுத்த பயிற்சித் தாள்களை அப்படியே நம் குழந்தைகளுக்குக் கொடுப்பதில் ஒரு குறை உண்டு. தமிழில் ஒலியின் வரிசையும் கையின் வரிசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 'கொடி' என்று சொல்லும்போது முதலில் கேட்பது 'க்' என்னும் மெய், பிறகுதான் 'ஒ'. எழுதும்போதோ ஒற்றைக் கொம்பை முதலில் போட்டு, பிறகு 'க' எழுதி, பின்னர் கால் போட வேண்டும். ஒலியை ஒவ்வொன்றாகப் பிடித்து எழுத முயலும் குழந்தை 'க'வை முதலில் எழுதிவிட்டு, கொம்புக்கு இடமில்லாமல் திகைக்கும். அதை அழிக்கும், மீண்டும் எழுதும். நோட்டில் காணும் அழிப்புகள் பலவும் இப்படி வந்தவை. நல்ல சிகிச்சையாளர் 'கெ, கே, கை, கொ, கோ' வரிசையைத் தனியே எடுத்து, கொம்புக்கு ஒரு வண்ணம், மெய்க்கு ஒரு வண்ணம், காலுக்கு ஒரு வண்ணம் என்று கட்டமிட்ட தாளில், வாய்விட்டு ஒலித்துக்கொண்டே எழுதப் பழக்குவார்.

தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதுவது நம் வீடுகளுக்குப் புதிதன்று. தொடக்கநிலைக் குழந்தைக்கு அது நல்ல பயிற்சிதான். எழுதும்போதே அந்த எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுதினால் அது விரல் விளையாட்டாக முடிந்துவிடும்.

சிகிச்சையில் என்ன நடக்கும்?

முதல் ஒன்றிரண்டு அமர்வுகள் மதிப்பீட்டுக்கானவை. குழந்தை அமரும் விதம், தோள், மணிக்கட்டு, விரல்களின் வலிமை, பார்த்த வடிவத்தைக் கை அதேபோல் வரைகிறதா என்பது, ஒரு நிமிடத்தில் எழுதும் எழுத்துகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சிகிச்சையாளர் குறித்துக்கொள்வார். எழுதும் வேகத்தின் அளவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் முன்னேற்றத்தை ஒப்பிடவும், தேர்வில் கூடுதல் நேரம் கோரும்போதும் அது பயன்படும்.

அடுத்து, சிறு மாற்றங்கள். பாதம் தரையில் படும்படியும், மேசை முழங்கை உயரத்தில் இருக்கும்படியும் இருக்கையைச் சரிசெய்வது. தரையில் அமர்ந்து எழுதும் குழந்தைக்கு மடிமீது சாய்வான எழுதுபலகை கொடுப்பது. இடக்கைக் குழந்தைக்குத் தாளை வலப்புறம் சாய்த்து வைப்பது. அக்குழந்தையை வலக்கைக்கு மாற்ற ஒருபோதும் முயலக் கூடாது. பென்சிலை மூன்று விரல்களால் பிடிப்பதுதான் சரி என்று வற்புறுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நான்கு விரல்களால் பிடித்தும் வலியின்றித் தெளிவாக எழுத முடிந்தால் அதை மாற்றத் தேவையில்லை.

பிறகு பயிற்சி. களிமண் பிசைதல், மணி கோத்தல், கிளிப் மாட்டுதல் போன்றவை மையங்களில் அதிகம் காணப்படும். அவை தவறல்ல, ஆனால் அவற்றோடு நின்றுவிடக் கூடாது. கையெழுத்துச் சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, உண்மையான எழுத்துப் பயிற்சி இல்லாத சிகிச்சைகளும், 20 அமர்வுகளுக்குக் குறைவாக எழுத்துப் பயிற்சி தந்தவையும் பலன் தரவில்லை என்று கண்டது. எழுத்து மேம்பட எழுதித்தான் ஆக வேண்டும். வாரம் ஒருமுறை மையத்துக்கு வருவதைவிட, அங்கே கற்றதை வீட்டில் நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் செய்வதே முக்கியம். அரைப் பக்கம் எழுதினால் போதும். பத்துப் பக்கம் எழுத வைப்பது பயிற்சியாகாது, தண்டனையாகும்.

எழுத்தைத் தவிர மற்ற அன்றாடச் செயல்களிலும் சிகிச்சையாளர் உதவுவார். நாளைய பாடவேளைக்கு ஏற்பப் பையை அடுக்குதல், வீட்டுப்பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல், நேரத்தை மதிப்பிடுதல் ஆகியவற்றில் இக்குழந்தைகள் பலர் தடுமாறுகிறார்கள். 'நான் என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்யப் போகிறேன், செய்தேனா, பலித்ததா' என்று குழந்தையே தன்னைக் கேட்டுக்கொள்ளப் பழக்கும் முறை நல்ல பலன் தருகிறது. குறிக்கோளைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். பெற்றோர் கையெழுத்தைச் சொல்வார்கள். குழந்தையோ சைக்கிள் ஓட்டக் கற்க வேண்டும் என்று சொல்லும். அதிலிருந்து தொடங்குவதில் தவறில்லை.

எழுதுவதற்கு மாற்று வழி

பத்து வயதுக்கு மேல், போதிய பயிற்சிக்குப் பிறகும் எழுதுவது பெரும் சுமையாகவே இருந்தால், தட்டச்சைக் கற்பிக்கலாம். இதில் தமிழ்க் குழந்தைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் 'கொ' வேண்டுமானால் 'க', 'ஒ' என்று ஒலிக்கும் வரிசையிலேயே தட்டினால் போதும். கொம்பும் காலும் தாமாக உரிய இடத்தில் அமர்ந்துகொள்ளும். 'க'வை இருமுறை தட்டினால் முதல் எழுத்தின் மேல் புள்ளி தானே வந்து 'க்க' ஆகிவிடும். குரலைக் கேட்டு எழுத்தாக்கும் வசதியும் இப்போது கைபேசியிலேயே உள்ளது. இவற்றைக் குறுக்குவழி என்று கருத வேண்டாம். நடக்கச் சிரமப்படுவோருக்கு ஊன்றுகோல் எப்படியோ, அப்படியே இவை.

எதிர்பார்க்கக் கூடாதவை

ஊஞ்சல், சமநிலைப் பலகை, உடலைத் தூரிகையால் வருடுதல் போன்ற புலன் ஒருங்கிணைப்புப் பயிற்சிகளால் வாசிப்பு வந்துவிடும் என்று சில தனியார் மையங்கள் விளம்பரம் செய்கின்றன. இப்பயிற்சிகளின் பலன் பற்றிய ஆய்வுகள் குறைவு, முடிவானவையும் அல்ல என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. வண்ணக் கண்ணாடிகளும் கண் தசைப் பயிற்சிகளும் டிஸ்லெக்சியாவைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்றில்லை என்று அதே கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-இல் கூட்டாக அறிவித்தன. இடது மூளையையும் வலது மூளையையும் இணைக்கும் பயிற்சி என்று சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாசிப்புக்குப் பலன் தருவது ஒன்றே: ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாக, படிப்படியாக, திரும்பத் திரும்பக் கற்பிக்கும் பாடம். அதைத் தள்ளிப்போட்டுவிட்டு, "முதலில் ஆறு மாதம் தெரபி, பிறகு வாசிப்பு" என்று எவரேனும் கூறினால் ஏற்காதீர்கள். இரண்டும் ஒரே காலத்தில் நடக்கலாம். ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வாசிப்புப் பாடத்தை விடக் கூடாது.

எந்தச் சிகிச்சையாளரிடமும் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. உங்கள் படிப்பு தொழில்முறை சிகிச்சைப் பட்டமா? மூன்று மாதத்தில் என் குழந்தை இன்று செய்ய முடியாத எதைச் செய்யும்? அதை எப்படி அளப்பீர்கள்? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன? விடை தெளிவாக இல்லையெனில் வேறொருவரை நாடுவதில் தயக்கம் வேண்டாம்.

எங்கே செல்வது?

அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அக்குழுவிடம் ஆசிரியர் வழியாகச் சொல்லலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நேரில் சொல்லலாம். அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் உள்ளனர். சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் இருப்போர், கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தையும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தையும் அணுகலாம். எங்கு செல்வது என்று தெரியாவிட்டால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2018-இல் வெளியான மதிப்பீட்டு நெறிமுறைகள் 8 வயது முதல் சான்றிதழ் வழங்கலாம் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு வேண்டும் என்றும் வகுத்தன. இப்போதைய நடைமுறையையும் தனித்துவ அடையாள அட்டை பெறும் வழியையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அறியலாம். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு ஆண்டின் இறுதியில் ஓடி வருபவர்களுக்கு உதவுவது எங்களுக்கும் கடினமாகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.

சான்றிதழுக்கு 8 வயது என்பதை உதவிக்கும் 8 வயது என்று தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ஒன்றாம் வகுப்பில் ஒலிகளைப் பிரித்தறியத் தடுமாறும் குழந்தைக்கு அப்போதே பாடத்தையும் பயிற்சியையும் தொடங்க வேண்டும்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

கரும்பலகையில் உள்ளதை முழுவதும் எழுதச் செய்யாமல், அச்சிட்ட குறிப்பாகத் தரும்படி கேளுங்கள். தவறாக எழுதிய சொல்லை ஐம்பது முறை, நூறு முறை எழுதும் இம்போசிஷன் இக்குழந்தைகளுக்கு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். தவற்றையே நூறு முறை எழுதி அதையே மனத்தில் பதித்துக்கொண்ட குழந்தைகளை நாங்கள் பார்க்கிறோம். குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கல்வி உரிமைச் சட்டம், 2009, தடை செய்கிறது. வீட்டிலும் அதே நெறியைப் பின்பற்றுங்கள்.

திங்கட்கிழமைக் காலைகளில் மட்டும் வரும் வயிற்றுவலி, நோட்டை ஒளித்து வைத்தல், "நான் முட்டாள்" என்று சொல்லிக்கொள்ளுதல் ஆகியவை குழந்தை உள்ளுக்குள் வருந்துவதைக் காட்டுகின்றன. இவற்றை நடிப்பு என்று ஒதுக்க வேண்டாம். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பொருள்படக் குழந்தை பேசினால், தனியே விடாமல் உடனிருந்து, அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

முதன்முறை மருத்துவமனைக்கு வரும்போது பிறப்பு, வளர்ச்சி பற்றிய பதிவேடு, கண், காதுப் பரிசோதனை அறிக்கைகள், ஆசிரியரின் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். குழந்தையின் சென்ற ஆண்டு நோட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாமல் அவற்றையும் எடுத்து வாருங்கள். பேனா எங்கெங்கே நின்றது என்று அவற்றில் பார்க்க முடியும்.